பழைய ஃபோர்வீல் கெப்பின் அடியில் சத்தமா? கழற்ற முதல் காது கொடுங்கள்

மாரி முடிந்து பெரும்போக வெட்டு தொடங்குகிற நாட்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துக் கராஜ்களில் பழைய டபுள் கெப்புகள் வரிசையாக நிற்கும். எல்லோர் வாயிலும் ஒரே முறைப்பாடு: "அடியில சத்தம் வருது." எப்போது வருகிறது, எந்த வேகத்தில், அக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா என்று யாரும் சொல்வதில்லை. வெட்டு நேரத்தில் கராஜ்காரருக்கும் கேட்க நேரமில்லை. கடைசியில் டிஃப்பைத்தான், அதாவது அச்சின் நடுவிலிருந்து இரண்டு சில்லுக்கும் சுழற்சியைக் கொடுக்கிற பல் பெட்டியைத்தான் பிரிப்பார்கள்.

என்னுடைய எல்.என்.106 ஹைலக்ஸுக்கும் இதுதான் நடந்தது. கியர் போட்டு கிளச்சை விட்டதும் "டங்" என்று ஒரு அடி, 60 கிலோமீற்றர் வேகம் தாண்டினால் சீட்டுக்குக் கீழே ஒரு நடுக்கம். ஒரு கராஜில் கிரவுன் பினியன், அதாவது டிஃப்புக்குள் இருக்கிற பெரிய பல்சில்லும் அதைச் சுழற்றுகிற சின்னப் பல்சில்லும், போச்சு என்றார்கள். நெல் விற்ற காசில் பழைய சாமான் கடை டிஃப் ஒன்று வாங்கிப் பூட்டி, ரவுணிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறேன், வலையிறவுப் பாலம் ஏறும்போதே அதே "டங்". அன்று பின்னேரம் டோர்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தால், டிஃப்புக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பின் ஷாப்டின் முன்பக்க யூ ஜொயின்ட்டின் (ஷாப்ட் மடங்கிச் சுழல விடுகிற மூட்டு) கப்பைச் சுற்றி மிளகாய்த்தூள் கொட்டினமாதிரி செந்துரு. கையால் திருகியபோது கப்புக்குள் பேரிங்காக இருக்கிற ஊசிகள் நறநறவென்று அரைபட்டன. டிஃப்புக்குக் கொடுத்த காசில் அப்படி எத்தனையோ ஜொயின்ட் வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் ஏறாவூரில் ஒரு மூத்த மெக்கானிக் பாஸிடம் போய்ப் பழகினேன். அவர் வாகனத்தைத் தொடமாட்டார், முதலில் கேள்விதான். "எப்ப சத்தம் வருது எண்டத சொல்லுங்க தம்பி, எங்க எண்டத நான் சொல்லுறன்." கீழே எழுதுவதில் பாதி அவரிடம் படித்தது, மீதி நானே படுத்துக் கிடந்து கண்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், திறந்தும் விலை வட்டையில் வயல் செய்கிறவர்களுக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. கையில் இருக்கிற கெப்பைத்தான் காப்பாற்றியாக வேண்டும்.

நான் சொல்வது முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சும் ஸ்பிரிங் தட்டும் இருக்கிற, முன் சில்லை அச்சோடு இணைக்கிற ஹப்பைக் கையால் பூட்டித் திறக்கிற ஹைலக்ஸ் மாதிரியான வாகனத்துக்கு. டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டொரு இடத்தில் விஷயம் வேறு, அங்கே சொல்கிறேன்.

முதல் வேலை வாகனத்தை வெறுமையாக்குவது. பின் பெட்டியில் கிடக்கிற ஜக், மண்வெட்டி, சங்கிலி, ஒயில் கான் எல்லாவற்றையும் இறக்குங்கள். பெட்டிக்குள் உருண்ட ஒரு சொக்கற்றுக்காக ஷாப்டைக் கழற்றிய ஆளை எனக்குத் தெரியும். ரயர்களில் காற்று பாருங்கள், பிறகு இன்னொருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு விடிய நேரத்தில் ஆளில்லாத நேர் வீதிக்குப் போங்கள். செங்கலடியிலிருந்து கரடியனாறு போகிற பதுளை வீதி எனக்கு வசதி. கண்ணாடியை இறக்கி, ரேடியோவை நிறுத்தி, 20, 40, 60, 80 என்று படிப்படியாக ஓட்டுங்கள்.

60இல் போகும்போது கியரை நியூட்ரலுக்கு எடுத்து உருளவிடுங்கள். என்ஜினை மட்டும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். நியூட்ரலிலும் அதே சத்தம் அதே மாதிரி வந்தால் அது சில்லோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று: ரயர், சில்லு பேரிங், ஷாப்ட், டிஃப். நின்றுபோனால் என்ஜின், கிளச், கியர் பெட்டிப் பக்கம் பாருங்கள், அல்லது பாரம் ஏறும்போது மட்டும் கத்துகிற பல்லாக இருக்கலாம். வாகனம் நிற்கும்போதே நியூட்ரலில் உறுமி, கிளச்சை மிதித்ததும் நின்றால் கியர் பெட்டியின் முன் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளச் ரிலீஸ் பேரிங். இந்த இரண்டுக்கும் ஷாப்டைத் தொடவே தேவையில்லை.

ரயரை மறந்துவிடாதீர்கள். சேற்றுக்குப் போடுகிற பெரிய கட்டை ரயர், பாதி தேய்ந்ததும் டிஃப் ஊளையிடுவது மாதிரியே ஊளையிடும். புதுத் தாரிலிருந்து பழைய கரடுமுரடான தாருக்கு ஏறும்போது சத்தம் மாறினால் அது ரயர். டிஃப்புக்கு வீதி என்ன வீதி என்று தெரியாது.

சில்லு பேரிங் உறுமல் அக்ஸிலேட்டரைக் கேட்காது, வளைவைக் கேட்கும். இடப்பக்கம் மெதுவாக வளைத்தால் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் ஏறும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள். கிரவுன் பினியன் இதற்கு நேர்மாறு, அதற்கு அக்ஸிலேட்டர்தான் கணக்கு. மிதிக்கும்போது ஒரு சுருதி, விடும்போது இன்னொரு சுருதி அல்லது அமைதி, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தெளிவாகப் பாடும். யூ ஜொயின்ட் காய்ந்திருந்தால் ஆள் நடக்கிற வேகத்தில் "கீச் கீச் கீச்" என்று குருவி மாதிரிக் கத்தி, வேகம் கூடக்கூட நெருக்கமாகும். ஆட்டம் கண்டிருந்தால் கிளச் விடும்போது, அக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது அந்த "டங்". இதே "டங்" ஸ்பிரிங் யூ போல்ட் தளர்ந்தாலும், கியர் பெட்டியிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸின் மவுன்ட் றப்பர் கிழிந்தாலும் வரும். அதனால் அந்த ஒரு அடியை வைத்து மட்டும் டிஃப்பைக் குற்றம் சொல்லிவிட முடியாது.

முன்னா பின்னா என்று பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, செலவில்லாதது. ஹப் இரண்டையும் திறந்து, டூவீலில் ஓட்டுங்கள். இப்போது முன் டிஃப்பும் முன் ஷாப்டும் அசையாமல் கிடக்கும். அடுத்து ஹப் இரண்டையும் பூட்டி, டூவீலிலேயே அதே வீதியில் ஓட்டுங்கள். முன் சில்லு முன் டிஃப்பையும் ஷாப்டையும் சும்மா சுழற்றும். சத்தம் இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் வந்தால் முன்பக்கம். இரண்டிலும் வந்தால் பின்பக்கம், அல்லது கியர் பெட்டி, ட்ரான்ஸ்பர் கேஸ். தார் வீதியில் ஃபோர்வீல் போட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முன்னும் பின்னும் ஒன்றையொன்று இறுக்கி முறுக்கி, இல்லாத சத்தத்தையும் உண்டாக்கும். ஏற்கெனவே அப்படி இறுகி லீவர் வராமல் நின்றால் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், விடும்.

டிஃபெண்டர் எப்போதும் நான்கு சில்லும் இழுக்கிற வாகனம், இந்த ஹப் சோதனை அதற்குப் பொருந்தாது. அதில் சந்தேகமான ஷாப்டைக் கழற்றி, முன்னையும் பின்னையும் ஒன்றாகப் பூட்டுகிற டிஃப் லொக் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அதன் ஹாண்ட் பிரேக் சில்லில் இல்லை, ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து பின் ஷாப்ட் புறப்படுகிற இடத்தில் இருக்கிறது. பின் ஷாப்டைக் கழற்றினால் ஹாண்ட் பிரேக்கும் போச்சு. சில்லுக்குக் கட்டை வைக்காமல் அதன் அடியில் போகவே கூடாது.

இப்போது அடியில் படுக்கலாம். சமதரையில் நிறுத்தி நான்கு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக் வைத்துத் தூக்குவதானால் நம்முடைய மணல் நிலத்தில் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை வேண்டும், தூக்கியதும் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். சீமெந்து புளொக் கல்லை ஸ்டாண்டாக வைக்கிற பழக்கம் ஊரில் நிறைய உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சாரம் கட்டிக்கொண்டும் வேண்டாம். பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்கினால் டிஃப் வழியாக அந்தச் சில்லு சும்மா சுற்றும், கியரில் விட்டிருந்தாலும் வாகனம் உருளலாம் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

நான்கு சில்லும் நிலத்தில், கியர் நியூட்ரலில். யூ ஜொயின்ட்டின் இரண்டு பக்கத்துக் கவையையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், மேலும் கீழும் தள்ளுங்கள். நடுவிலிருக்கிற சிலுவை மாதிரியான குரோஸுக்கும் கவைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரிகிற அசைவு வரவே கூடாது. துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றவேண்டியதுதான். செந்துருத் தூள் இருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது. ஷாப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடு பேரிங்கையும் பாருங்கள். அதைத் தாங்குகிற றப்பர் கிழிந்து ஷாப்ட் தொங்கினால் வாகனம் எடுபடும்போது ஒரு அதிர்வு வரும்.

பிறகு டிஃப்பின் முகப்பில் ஷாப்ட் பூட்டுகிற ஃபிளேன்ஜை மேலும் கீழும் அசையுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பினியன் பேரிங் அல்லது பினியன் நட்டு. சுழற்சியில் சிறிது ஆடுவதைக் கண்டு பயப்படாதீர்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் டொயோட்டா சொல்லுகிற இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர்தான், ஆனால் உள்ளேயிருக்கிற சின்னப் பல்லுகள், அச்சின் ஸ்பிளைன் எல்லாவற்றின் ஆட்டமும் கூடி ஃபிளேன்ஜ் விளிம்பில் சில மில்லிமீற்றராகத் தெரியும். முப்பது வருட வாகனத்தில் அது வழமை.

பினியன் நட்டு பற்றி ஒரு வார்த்தை. "டங்" சத்தத்துக்கு வைத்தியம் என்று நீளக் குழாயைப் போட்டு அந்த நட்டை முறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த டிஃப்புகளில் இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கிக் கொடுக்கிற ஒரு புஷ் இருக்கும், பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஒருதரம் கூடுதலாக நசுங்கினால் திரும்பி வராது. பேரிங் அளவுக்கு மீறி இறுகி, சூடேறி, கருகும். பழைய குறி தெரியாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஒயில். எனக்கு இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் நம்முடைய பகுதியில் டிஃப்பைக் கொல்லுவது பெரும்பாலும் தண்ணீர். வட்டைக்குப் போகிற வழியில் தண்ணீர் கடக்கத் தாழக் கட்டிய தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, இருபது முப்பது கிலோமீற்றர் பாரத்தோடு ஓடி டிஃப் கொதித்துக்கொண்டிருக்கிறது, அப்படியே தண்ணீருக்குள் இறக்குகிறோம். உள்ளேயிருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். அச்சின் மேலே சின்னத் தொப்பி மாதிரி ஒரு மூச்சுவாய் இருக்கிறதே, சேறு அடைத்து அது மூடியிருந்தால் சீல் ஓரத்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். வாவியோரத் தண்ணீரென்றால் உப்பும் சேர்ந்து போகும்.

ஒயில் பார்க்கும்போது மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து ஒயில் முழுவதையும் ஊற்றிவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வரவில்லை என்றால் வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஹைலக்ஸில் இரண்டுக்கும் 24 சொக்கற் பொருந்தும். மேல் பிளக் வந்ததும் சின்னி விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அன்றைக்கே மாற்றுங்கள், வெட்டு முடியட்டும் என்று விட்டால் பேரிங் துரு பிடித்து உறுமத் தொடங்கும். வடித்த ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இருப்பது இயல்பான தேய்வு. நகத்தில் தட்டுப்படுகிற துண்டு, பல் முனை, தகடு வந்தால் டிஃப்பைக் கழற்றத்தான் வேண்டும்.

ஊற்றுவது ஜீ.எல்.5 தரத்து 90ஆம் இலக்க ஒயில் அல்லது 80-டபிள்யூ-90, மேல் துவாரத்தால் வழியத் தொடங்கும் வரை. தண்ணீர் கலந்திருந்தால் நூறு கிலோமீற்றர் ஓட்டி இன்னொருதரம் வடித்து மாற்றுங்கள், மூலைகளில் ஒளிந்திருப்பது அப்போதுதான் வரும். இதே ஒயிலைக் கியர் பெட்டிக்குள்ளும் ஊற்றிவிடாதீர்கள். அங்கே பித்தளை வளையங்கள் இருக்கின்றன, அதற்கு ஜீ.எல்.4 பாதுகாப்பு.

யூ ஜொயின்ட் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை, அவசரப்படாமல் செய்தால். ஷாப்டைக் கழற்ற முதல் ஃபிளேன்ஜ் இரண்டிலும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள், ஷாப்ட் ஒன்றுக்குள் ஒன்று வழுக்குகிற இடத்திலும் ஒரு கோடு. பூட்டும்போது இந்தக் கோடுகள் சேரவேண்டும். ஷாப்டின் இரண்டு நுனியிலுள்ள கவைகளும் ஒரே நேரில் இல்லாவிட்டால் புது ஜொயின்ட் போட்ட பிறகும் வாகனம் நடுங்கும், நீங்கள் மறுகா டிஃப்பைச் சந்தேகிப்பீர்கள்.

கப்புகளைப் பிடித்து வைத்திருக்கிற சேர்கிளிப் நான்கையும் எடுத்து, கவையை வைஸில் தாங்கி, சின்ன சொக்கற் ஒன்றால் ஒரு பக்கக் கப்பைத் தள்ளி, எதிர்ப்பக்கக் கப்பை பெரிய சொக்கற் ஒன்றுக்குள் விழவிடுங்கள். கடைக்குப் பழைய குரோஸைக் கையோடு கொண்டுபோய்க் கப்பின் வெளிவிட்டத்தையும் முனைக்கு முனை நீளத்தையும் வேர்ணியரால் அளந்து வாங்குங்கள், வாகனத்தின் பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். புதுக் கப்புக்குள் ஊசிகள் கிரீஸில் ஒட்டி வட்டமாக நிற்கும். பூட்டும்போது குரோஸை அந்தப் பக்கக் கப்புக்குள் தள்ளி வைத்துக்கொண்டே அழுத்துங்கள், அப்போதுதான் ஊசி விழாது. கப் போய்க்கொண்டிருந்து சேர்கிளிப் பள்ளத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்பே முட்டிக்கொண்டு நின்றால், ஒரு ஊசி அடியில் படுத்துவிட்டது என்று அர்த்தம். சுத்தியலை எடுக்காதீர்கள். கழற்றி, ஊசியை நிமிர்த்தி, மறுபடி போடுங்கள். எல்லாம் பூட்டியதும் கவையின் காதில் மெதுவாக நான்கு தட்டு. ஜொயின்ட் கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் எந்த இடத்திலும் தட்டுப்படாமல் திரும்ப வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் கிரீஸ் கன் எட்டுகிற பக்கம் பார்த்திருக்கட்டும். நான்கு கப்பாலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றால் வந்து ஒன்றால் வராவிட்டால் ஷாப்டை அசைத்து அசைத்து அடியுங்கள். வராமல் விட்ட அந்த ஒரு கப்தான் அடுத்த மாரியில் காய்ந்து கத்தும்.

முன்பக்கம்தான் சத்தம் என்று தெரிந்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஃபோர்வீலில் மணலில் ஊர்ந்து போகும்போது "டக் டக் டக்" என்று அடித்தால் சில்லுக்குள் இருக்கிற சி.வி. ஜொயின்ட் தேய்ந்திருக்கிறது. பாணமையிலிருந்து உகந்தை போகிற மணல் பாதையில் பலருக்கு இது முதன்முதலாகத் தெரியவரும். முன் அச்சின் உருண்டைக்குப் பின்னால் ஒயில் வழிகிறதா என்றும் பாருங்கள். உள் சீல் போனால் டிஃப் ஒயில் வந்து அங்கிருக்கிற கிரீஸைக் கரைத்துக் கூழாக்கிவிடும். அதைத் திறக்க 54 மில்லிமீற்றர் சொக்கற் வேண்டும். அது இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு ஹப் நட்டைத் திருப்புகிற வேலை வேண்டாம்.

எல்லாச் சோதனையும் முடிந்து உண்மையிலேயே கிரவுன் பினியன்தான் என்றால், அதை அடுக்கிச் சரிபார்க்க டயல் கேஜும் பழகிய கையும் வேண்டும், வீட்டு வேலை இல்லை. ஆனால் ஹைலக்ஸில் அச்சு இரண்டையும் வெளியே இழுத்தால் டிஃப் முழுசாக முன்பக்கத்தால் வந்துவிடும். இரண்டு பேர் பிடித்துக் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனால் கூலியில் ஒரு பகுதி மிச்சம். கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ பழைய டிஃப் வாங்குவதானால் பல்லை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் 4.556. 39க்கு 8 என்றால் 4.875. முன்னும் பின்னும் ஒரே கணக்காக இருக்கவேண்டும், மாறினால் ஃபோர்வீல் போட்ட அன்றைக்கே ஏதாவது ஒன்று உடையும்.

கடைசியாக அந்த மூச்சுவாய். தொப்பியைக் கழற்றி ஊதிப் பாருங்கள், காற்றுப் போகாவிட்டால் டீசலில் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதைவிட நல்லது, தொப்பிக்குப் பதிலாக ஒரு நிப்பிள் பூட்டி, டீசல் ஹோஸ் துண்டு ஒன்றைச் சேஸி வழியாக என்ஜின் அறைக்குள் மேலே கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் ஒன்று செருகிவிடுவது. அச்சு மேலும் கீழும் ஆடும்போது இழுபடாதபடி ஹோஸைக் கொஞ்சம் தளர விடுங்கள். நான் இரண்டு டிஃப்புக்கும் இப்படிப் போட்டிருக்கிறேன், இரண்டு மாரி கடந்தும் ஒயில் தேன் நிறத்திலேயே இருக்கிறது. ஹோஸ் போடும் வரைக்கும், தாம்போதியில் தண்ணீர் ஓடினால் இறங்க முதல் கரையில் நிறுத்தி டிஃப்பைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் ஆறும் வரை நில்லுங்கள், ஏறி வீட்டுக்கு வந்த அன்றே எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள்.